நால்வர் கூடிச் செய்த கணக்கு

நம் கல்லூரித் தாயின் யூபிலி மலருக்கு யாதேனும் எழுதுதல் வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தனர். கல்லூரியின் பழைய அதிபர்களைப் பற்றியும், விளையாட்டு மைதானத்தில் ஈட்டிய வெற்றிகளைப் பற்றியும், மண்டபங்கள் எழுந்த வரலாற்றைப் பற்றியும் எழுதத் தக்கார் பலர் உளர். அவர்கள் எம்மினும் நன்றாக எழுதுவர். யாமோ எம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கனிட்ட இடைநிலை வகுப்புகளிற் கணிதம் கற்பிப்பதிற் கழித்தோம். ஆதலின் எமக்குத் தெரிந்த சிறியதொரு விடயத்தையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். எண்கணிதத்தில் நின்ற பிள்ளை அட்சரகணிதத்தினுள் அடியெடுத்து வைக்கின்ற அந்தச் சில மாதங்களே அவ்விடயம். அந்நாட்களிற் பிள்ளைகளை நால்வர் நால்வராகச் சேர்த்து, ஒரு கணக்கை அவர்களே ஆராயுமாறு விடுதலால் விளையும் நன்மையை எம் அநுபவத்தைக் கொண்டு சொல்லப் புகுகின்றோம்.

இது மிகச் சிறிய விடயமெனச் சிலர் கருதுதல் கூடும். ஆயின், ஆறாந் தரத்திற் கணக்கிற் கெட்டிக்காரன் எனப் பெயரெடுத்த பிள்ளை எட்டாந் தரத்தில் "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லக் கேட்ட பெற்றோர் இம்மலரை வாசிப்போருள்ளும் பலர் இருப்பர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது? பிள்ளையின் மூளை தேய்ந்துவிடவில்லை. கணக்கினுள் எழுத்து வந்து புகுந்தது; அவ்வளவே. அந்த எழுத்தை அவன் எவ்வாறு சந்தித்தான் என்பது, பின்னர் அவன் எந்தப் பாடங்களைக் கற்பான், எந்தத் தொழிலை நாடுவான் என்பவற்றைப் பெரிதுந் தீர்மானித்துவிடுகின்றது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியெய்தாதவனுக்கு மேற்படிப்பின் வாயில்கள் பல அடைபட்டுப் போதலை யாவரும் அறிவர். அவ்வாயில்கள் 16 வயதில் அடைபடுவனவாகத் தோன்றினும், 12 வயதிலேயே அவை மெல்லச் சாத்தப்படத் தொடங்கிவிடுகின்றன என்பது எமது துணிபு.

அட்சரகணிதம் என்பது எழுத்துக்களைக் கொண்டு செய்யுங் கணிதம். வடநூலார் அதனைப் பீசகணிதம் என்பர், பீசமென்பது வித்து. இக்கலை வளர்ந்த வரலாறு ஆசிரியர்க்கு நல்லதொரு பாடமாகும். எகிப்து தேசத்திலே கி. மு. 1550 அளவில் ஆமெசு என்னும் எழுத்தர் படியெடுத்த சுவடியில், ஒரு தொகையும் அதன் ஏழிலொரு பங்குஞ் சேர்ந்தால் 19 ஆகும், அத்தொகை யாது என்றொரு வினா உண்டு. தெரியாத ஒன்றைத் தேடும் வினா அது. ஆயினும் அங்கே குறியெழுத்து இல்லை. பாரத தேசத்தில் 628-ஆம் ஆண்டிற் பிரமகுப்தர் பூச்சியத்தோடு கணக்கிடும் முறைகளை வகுத்து, நேரெண்ணைத் தனமென்றும் மறையெண்ணைக் கடனென்றுங் கூறினார். 12-ஆம் நூற்றாண்டிற் பாஸ்கராசாரியார் தமது பீசகணிதத்தில், தெரியாத தொகையை 'யாவத்தாவத்' என வழங்கினார். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். தெரியாதவை பலவாயின் கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயரால் அவற்றைக் குறித்தனர். பக்தாது நகரில் 9-ஆம் நூற்றாண்டில் அல்-குவாரிசுமி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜபிர்' என்னுஞ் சொல்லே ஆங்கிலத்தில் இக்கலைக்குப் பெயராயிற்று. அந்நூலிலுஞ் சமன்பாடுகள் சொற்களாலேயே எழுதப்பட்டிருந்தன. சமன் குறியை 1557-இல் இங்கிலாந்தில் இராபட் இறெக்கோட் தம் நூலில் அச்சேற்றினார். 1591-இற் பிரான்சியராகிய வியேத் தெரிந்தவற்றுக்குந் தெரியாதவற்றுக்கும் எழுத்துக்களை முறைப்பட வழங்கினார். 1637-இல் தேக்காட் தமது அரிச்சுவடியின் இறுதியெழுத்துக்களாகிய எக்ஸ், வை, இசெட் என்பவற்றைத் தெரியாதவற்றுக்கு வைத்தார். அவ்வழக்கே இன்றும் நம் வகுப்புகளில் நிலவுகின்றது.

ஆமெசுவின் வினாவுக்கும் வியேத்தின் எழுத்துக்கும் இடையே 3000 ஆண்டுகளுக்கு மேற் கழிந்தன. பேரறிஞர் பலர் அத்துணைக் காலம் நடந்து கடந்த வழியை, 40 நிமிடப் பாடவேளை ஒன்றில், "எக்ஸ் என்க" என்னும் இரண்டு சொற்களைத் துணைக்கொண்டு நம் பிள்ளை கடந்துவிடல் வேண்டுமென நாம் எதிர்பார்க்கின்றோம். அவன் இடறுவதில் வியப்பென்னை?

பிள்ளைகள் இடறுமிடங்கள் பெரும்பாலும் மூன்று.

முதலாவது சமன் குறி. 8 + 4 = □ + 5 என்று எழுதி, பெட்டியினுள் வரவேண்டிய எண் யாது எனக் கேட்டால், 12 என்று எழுதும் பிள்ளைகள் பலர்; எல்லாவற்றையுங் கூட்டி 17 என்பாரும் உளர். 7 என்று எழுதுவோர், கேட்பவர் எதிர்பார்த்ததிலுங் குறைவாகவே இருப்பர். இக்குறைபாடு பல நாடுகளிலும் ஆராயப்பட்டுள்ளது. ஆறு ஆண்டுகளாகச் சமன் குறியைக் கண்டபோதெல்லாம் "விடையை எழுது" என்னுங் கட்டளையாகவே பிள்ளை அதனை அறிந்திருக்கின்றான். இருபுறமும் ஒத்த நிறையென்று சொல்லும் தராசாக அதனை அவன் கண்டதில்லை.

இரண்டாவது முடிவு பெறாத விடை. தெரியாதது என்பதன் முதலெழுத்தாகிய 'த' என்பதை ஈண்டு எம் குறியெழுத்தாகக் கொள்வோம். 3த + 2 என்பது விடையெனின் பிள்ளையின் மனம் அமைதி கொள்வதில்லை. கூட்டற் குறி ஒன்று இன்னும் நிற்கின்றதே, கணக்கு முடியவில்லையே என எண்ணி, 5த என்று எழுதிவிடுகின்றான். ஒவ்வொரு கணக்கும் தனியோர் எண்ணில் முடியும் என்பது அவன் அதுவரை கண்ட உலகம்.

மூன்றாவது எழுத்தின் பொருள். மாம்பழங்களின் தொகைக்கு 'மா' என்று எழுத்திட்டால், 3மா என்பதை மூன்று மாம்பழம் என்றே பிள்ளை வாசிக்கின்றான். எழுத்து பழத்தைக் குறிக்கவில்லை, பழங்களின் எண்ணிக்கையைக் குறிக்கின்றது என்னும் வேறுபாடு முதிர்ந்தோரையும் ஏமாற்றுவது. 1980-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. பேராசிரியர் ஒருவருக்கு 6 மாணவர் வீதமுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சமன்பாடு எழுதுமாறு பொறியியல் முதலாண்டு மாணவர்களைக் கேட்டனர். மாணவர் தொகை ம, பேராசிரியர் தொகை ப எனின், ம = 6ப என்பதே சரி. அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேற்பட்டோர் தவறினர்; தவறியோருட் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப என்பது. ஆறு மாணவர்க்கு ஒரு பேராசிரியர் என்று வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதிவிட்டனர் போலும்.

இம்மூன்று முடிச்சுகளும் ஆசிரியர் விளக்கத்தால் மாத்திரம் அவிழ்வனவல்ல. ஆசிரியர் கரும்பலகையில் விளக்குவார். "விளங்கிச்சோ, தம்பி?" என்பார். "ஓம் சேர்" என 40 குரல்கள் ஒருமித்து எழும். மறுநாட் கொப்பியைத் திறந்தால் 5த அங்கேயே அமர்ந்திருக்கும். தன் மனத்தினுள் இருக்கும் பிழையான எண்ணத்தைப் பிள்ளை வாய்திறந்து சொன்னாலன்றி அதனைப் பிடுங்க ஒருவராலும் இயலாது. ஆசிரியர் முன்னிலையில், 40 பேர் கேட்க, அவன் அதனைச் சொல்லமாட்டான். மூன்று தோழர் கேட்கச் சொல்லுவான். எம் முறையின் வேர் இவ்வளவே.

இதனை யாம் நூல்களிலே முதலிற் கற்றோமல்லோம். 1995-ஆம் ஆண்டு ஒக்டோபர் 30-ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்த செய்தியை இம்மலரை வாசிப்போருட் பலர் தம் கால்களாலேயே அறிவர். அதனையடுத்த மாதங்களில் யாம் ஓலைக் கொட்டிலொன்றில் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதங் கற்பித்தோம். பல பள்ளிகளின் பிள்ளைகள் அங்கே ஒருங்கிருந்தனர். கரும்பலகை இல்லை. வெண்கட்டி இருந்த நாளிற் சுவரில்லை. கொப்பி கிடைத்தற்கு அரிய பொருளாயிருந்தது. ஒரு பாடநூலைச் சுற்றி நான்கு பிள்ளைகள் நிலத்தில் இருந்தனர். நால்வர்க்கும் ஒரு தாள், ஒரு பென்சில். வறுமை வகுத்த ஒழுங்கு அது. ஆயினும் சில கிழமைகளுள் யாம் கண்டது எம்மை நின்று நோக்கச் செய்தது. ஒருவன் எழுத, மற்றையோர் "அது எப்படி?" என்று கேட்டனர். கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் பொருட்டு எழுதியவன் தான் செய்ததைத் தானே மீண்டும் எண்ணிப் பார்த்தான். பலமுறை அவனே "பொறு, பிழை" என்று அழித்தான். பிழையைக் கண்டவர் ஆசிரியரல்லர். அதனால் அவனுக்கு நாணமும் உண்டாகவில்லை. 1996-இல் ஊர் திரும்பி, வாங்கும் மேசையும் கரும்பலகையும் மீளக் கிடைத்த பின்னரும் யாம் அவ்வொழுங்கை விட்டிலோம்.

பிள்ளை பிள்ளைக்குக் கற்பித்தல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எண்சுவடி சொல்லிக்கொடுப்பான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னையில் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றை நடத்திய அந்திரே பெல் என்னும் பாதிரியார், அவ்வூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிற் புகுத்தி, மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோர்க்குக் கற்பித்து, 1797-இல் அம்முறையை விளக்கி இலண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். 'சென்னை முறை' எனும் பெயரால் அது இங்கிலாந்திற் பரவிற்று. ஆயினும் சட்டாம்பிள்ளை சொன்னதை மற்றையோர் திருப்பிச் சொல்வதே அங்கு நிகழ்ந்தது. யாம் சொல்லும் நால்வருள் ஒருவனுஞ் சட்டாம்பிள்ளையல்லன். விடை எவனுக்கும் முன்னரே தெரியாது. கணக்கு ஒன்று நடுவில் இருக்க, நால்வரும் அதனைச் சுற்றி நிற்கின்றனர்.

எழுத்து வேண்டுமென்னும் தேவையைப் பிள்ளைகளிடத்தே தோற்றுவிக்க யாம் முதலிற் கொடுக்குங் கணக்கு ஈர்க்குக் கணக்காகும். தென்னீர்க்கை ஒரே அளவான துண்டுகளாக ஒடித்துக் குழுவுக்கு ஒரு பிடி கொடுப்போம். நான்கு துண்டால் ஒரு சதுரம் அமைக்க. அதன் ஒரு பக்கத்தைப் பொதுவாக வைத்து அடுத்த சதுரத்தை அமைக்க. இவ்வாறு வரிசையாக 3 சதுரம் அமைக்க எத்தனை துண்டு வேண்டும்? 10 சதுரத்துக்கு எத்தனை? 100 சதுரத்துக்கு எத்தனை? இவ்வளவே வினா.

மூன்று சதுரத்துக்கு 10 துண்டு என்பதை எல்லாருங் கண்டுவிடுவர். 10 சதுரத்தை நிலத்தில் அமைத்து எண்ணி 31 என்பர். 100 சதுரம் என்றவுடன் ஈர்க்குப் போதாது. ஆண்டே சிந்தனை தொடங்கும். ஒவ்வோராண்டும் ஏதேனும் ஒரு குழுவில் ஒருவன், 10-க்கு 31 ஆகவே 100-க்கு 310 என்பான். யாம் வாய் திறவோம். சற்று நேரத்தில் அக்குழுவிலேயே ஒருவன், "அப்படியெண்டால் ஒரு சதுரத்துக்கு நாலு, ரண்டுக்கு எட்டெல்லோ வரவேணும்? ஏழுதானே வருது!" என்பான். பத்து நிமிட விரிவுரையால் ஆகாதது அவ்வொரு வாக்கியத்தால் ஆகிவிடும்.

பின்னர்க் குழுக்கள் தத்தம் வழியிற் செல்லும். முதற் சதுரத்துக்கு 4, ஏனைய 99-க்கும் மும்மூன்று, ஆக 301 என்பது ஒரு குழு. மேல்வரிசை 100, கீழ்வரிசை 100, நிற்பன 101, ஆக 301 என்பது மற்றொன்று. தனித்தனிச் சதுரமாயின் 400. பொதுவான பக்கங்கள் 99-ஐக் கழிக்க 301 என்பது இன்னொன்று. வழி வேறு, விடை ஒன்று என்பதைக் கண்டு பிள்ளைகள் மகிழும் மகிழ்ச்சி கணித வகுப்புகளில் அரிதாகவே காணப்படுவது.

ஓராண்டில் இக்கணக்கைச் செய்தபோது, வகுப்பில் வாய் திறவாத ஒரு பிள்ளை ஒரு குழுவில் இருந்தான். தந்தையார் வேலியடைக்குந் தொழிலாளி. விடுமுறை நாட்களில் மகனும் உடன் செல்வான். தோழர் மூவரும் 4 என்றும் 99 என்றும் வாதாடிக்கொண்டிருந்தபோது அவன் மெல்ல, "இது வேலிதானே. முதல்லை ஒரு கதியால். பிறகு ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு கதியாலும் ரண்டு வரிச்சும்" என்றான். ஒன்றும், நூறு மும்மூன்றும். எல்லாவற்றினும் எளிய வழி அதுவே. அன்று அக்குழுவின் பொருட்டு எழுந்து நின்று விளக்கியவன் அவன். வேலியடைப்பு ஒரு கணிதமாகும் என்பதை வகுப்பும் அறிந்தது, அவனும் அறிந்தான்.

அதன்பின் யாம் கேட்கும் வினா ஒன்றே: "எத்தனை சதுரமென்று நான் சொல்லமாட்டேன். எத்தனை ஈர்க்கு வேண்டுமென்று நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீர்கள்?" பிள்ளைகள் முதலில் வாக்கியமாகச் சொல்வர். "சதுரத்தின் தொகை எவ்வளவோ அவ்வளவை மூன்றாற் பெருக்கி ஒன்று கூட்ட வேண்டும்" என்பர். பாஸ்கராசாரியாரின் 'எவ்வளவோ அவ்வளவு' நம் ஊர்ப் பிள்ளை வாயில் தானே பிறக்கின்றது. அவ்வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதக் கை சலித்த வேளையில், அதற்கு ஓரெழுத்தை இட்டால் என்னவென்று கேட்டால் மறுப்பார் இல்லை. 4 + 3(த − 1), 2த + (த + 1), 4த − (த − 1), 1 + 3த என நான்கு கோவைகள் கரும்பலகையில் நிற்கும். இவை நான்கும் ஒன்றென்பதை ஈர்க்கைக் கொண்டே அவர்கள் கண்டுவிட்டனர். இனி அடைப்பை நீக்கிச் சுருக்கும் விதி அவர்களுக்குக் கட்டளையாகத் தோன்றாது. கண்டதை உறுதிசெய்யும் வழியாகத் தோன்றும். 1 + 3த என்பதை 4த என எழுதுவோரும் அன்று குறைவர். 100 சதுரத்துக்கு அது 400 தருமே என்று தோழரே சொல்லிவிடுவர்.

சமன் குறிக்கு யாம் கையாள்வது புளியங்கொட்டையும் சிறு பைகளும். எல்லாப் பையினுஞ் சமமான கொட்டைகள் உள. மேசையின் ஒரு பக்கத்தில் 2 பையும் 5 கொட்டையும். மறுபக்கத்தில் 1 பையும் 11 கொட்டையும். இருபக்கமும் சமம். பையைத் திறவாமல் ஒரு பையிலுள்ள கொட்டை எத்தனையெனச் சொல்லுதல் வேண்டும். பிள்ளைகள் இருபுறமும் ஒவ்வொரு பையை நீக்குவர், இருபுறமும் ஐந்தைந்து கொட்டையை நீக்குவர், 6 என்பர், பின்னர்ப் பையைத் திறந்து எண்ணிப் பார்ப்பர். "பக்கம் மாற்றினாற் குறி மாறும்" என்னும் சூத்திரத்தை மனனஞ் செய்வித்தற்கு முன்னர், ஒரு புறத்திற் செய்ததை மறுபுறத்துஞ் செய்தல் வேண்டும் என்னும் நீதியை அவர்கள் கைகள் அறிந்துவிடுகின்றன.

எட்டாந் தரத்தில், குழுக்கள் பழகிய பின்னர், யாம் கொடுப்பது நம் பாட்டிமார் சொல்லும் பூக்கணக்கு. ஒருவன் சில பூக்களோடு மூன்று கோயில்களுக்குச் செல்கின்றான். ஒவ்வொரு கோயிலின் முன்னும் ஒரு கேணி உண்டு. அதில் நனைத்தவுடன் கையிலுள்ள பூக்கள் இருமடங்காகும். ஒவ்வொரு கோயிலிலும் ஒரே தொகையான பூக்களைச் சாத்துகின்றான். மூன்றாங் கோயிலிற் சாத்தியதும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. கொண்டு சென்ற பூ எத்தனை? ஒவ்வொரு கோயிலிலுஞ் சாத்திய பூ எத்தனை?

இதிலே தெரியாதவை இரண்டு. முதலிற் பிள்ளைகள் மனம்போன எண்களை இட்டுப் பார்ப்பர். அரைப் பூ வந்து நிற்கும்; சிரிப்பர். பின்னர் யாரேனும் ஒருவன் கணக்கைக் கடைசியிலிருந்து திருப்பி நடத்துவான். இறுதிக் கேணியில் நனைக்க முன் கையில் இருந்தது சாத்திய தொகையிற் பாதி. ஆகவே சாத்திய தொகை இரண்டால் வகுபடல் வேண்டும். இன்னும் பின்னோக்கிச் சென்றால் நான்காலும், பின்னர் எட்டாலும் வகுபடல் வேண்டும். எட்டை இட்டுப் பார்க்க, கொண்டு சென்றது 7 என வருகின்றது. 7 பூ 14 ஆகி, 8 போக 6. அது 12 ஆகி, 8 போக 4. அது 8 ஆகி, 8 போக ஒன்றுமில்லை. அவ்வேளையில் அடுத்த குழு 14-உம் 16-உம் என்று சொல்லும். எது சரியென்று இரு குழுவும் வாதிடும். இரண்டுஞ் சரியே என்று கண்டபின் வாதம் அடங்கி, அப்படியாயின் 21-உம் 24-உம் சரியாகுமோ என்னும் வினா எழும். 7த கொண்டு சென்று 8த சாத்தினான் என்று எழுதும் பிள்ளைக்கு, எழுத்து என்பது ஓரெண்ணை மறைக்கும் திரை மாத்திரமன்று, எல்லா எண்ணையும் ஒருங்கே ஏந்துங் கலமுமாம் என்பது விளங்கிவிடுகின்றது.

குழுவாக அமர்த்தினால் மாத்திரம் இவை நிகழ்ந்துவிடும் என யாருங் கருதற்க. 2007-ஆம் ஆண்டு முதற் படிப்படியாக நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் குழுச்செயற்பாட்டுக்கு நல்ல இடந் தந்தது. ஆயினும் குழுவாக இருந்துகொண்டு ஒருவனைப் பார்த்து மூவர் எழுதுதல் எங்கும் காணத்தக்கதே. ஆதலின் யாம் சில ஒழுங்குகளைக் கைக்கொண்டோம். ஒரு குழுவில் நால்வர். ஆறுபேராயின் இருவர் உறங்குவர். வல்லார் மெல்லார் கலந்திருத்தல் வேண்டும். ஒரு தாளும் ஒரு பென்சிலுமே குழுவுக்கு உண்டு. பென்சிலைப் பிடித்தவன் மற்றையோர் சொல்வதையே எழுதல் வேண்டும், தன் எண்ணத்தை எழுதலாகாது. பென்சில் முறைமாறிச் செல்லும். நால்வர்க்கும் பொதுவான ஐயமாயின் மாத்திரமே எம்மை அழைக்கலாம். இறுதியில் விளக்குபவனை யாமே தெரிவோம். அவன் விளக்க இயலாது நின்றால் அது குழுவின் குறையேயன்றி அவன் குறையன்று. இவ்வொழுங்கால், முதலில் விடை கண்டவன் மற்றை மூவர்க்கும் விளக்காமல் எழுந்திருத்தல் இயலாதாயிற்று. ஹங்கேரி தேசத்திற் பிறந்த கணித அறிஞராகிய யோர்ச் போலியா 1945-இல் வெளியிட்ட நூலில், வினாவை விளங்கிக்கொள்ளல், வழி வகுத்தல், வழியிற் செல்லல், திரும்பிப் பார்த்தல் என நான்கு படிகளைக் கூறினார். தனித்திருக்கும் பிள்ளை மூன்றாம் படியில் மாத்திரம் நிற்பான். "கேட்டது என்ன? இது சரிதானோ?" என முதலாம் நான்காம் படிகளுக்கு அவனை இழுப்பவர் தோழரே.

எம் சக ஆசிரியர் சிலர் கூறிய தடைகளையும் ஈண்டுச் சொல்லுதல் முறையாகும். வகுப்பிற் சத்தம் மிகும் என்றனர். உண்மை, ஆயின் கணக்கைப் பற்றிய சத்தத்துக்கும் வெறுஞ் சத்தத்துக்கும் வேறுபாடு வாயிலில் நின்றே அறியலாம். பாடத்திட்டம் முடியாது என்றனர். ஈர்க்குக் கணக்குக்கு இரண்டு பாடவேளை செல்லும்; அங்கே செலவான நேரம் சுருக்கற் பயிற்சியில் மீண்டுவிடும் என்பது எம் அநுபவம். கெட்டிக்காரப் பிள்ளையின் நேரம் வீணாகும் என்றனர். தனக்குத் தெரிந்ததைத் தெரியாதவனுக்கு விளக்கும்போதே தனக்கு எவ்வளவு தெரியாதென்பதை அவன் அறிகின்றான். அவனுக்கு அதனினும் பெரிய பயிற்சி யாது? இனி, தனியார் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் 20 கணக்குச் செய்விக்கின்றார்களே என்று பெற்றோர் கேட்பர். அங்கே வேகம் கற்பிக்கப்படுகின்றது, வேகமும் வேண்டுவதே. ஆயின் வழி அறியாதவனுக்கு வேகத்தாற் பயனில்லை.

குழு எல்லா நோய்க்கும் மருந்தாகாது என்பதையும் மறைத்தலாகாது. வாய்பாட்டை ஒவ்வொருவனுந் தனித்தே மனனஞ் செய்தல் வேண்டும். பின்னம், தசமம், மறையெண் என்பவற்றிற் கைப்பழக்கம் தனியே செய்த பயிற்சியால் வருவது. பரீட்சை மண்டபத்தில் அவன் தனித்தே இருப்பான். ஆதலின் குழுவில் ஒரு கணக்கென்றால், வீட்டில் ஒவ்வொருவர்க்கும் அதனை ஒத்த பத்துக் கணக்கு என்பதே எம் வழக்கம். கூடிச் சிந்தித்தல் தனித்துச் சிந்தித்தற்குப் பயிற்சியே. தோழன் கேட்ட "அது எப்படி?" என்னும் வினாவை, நாளடைவிற் பிள்ளை தன்னைத் தானே கேட்கக் கற்றுவிடுகின்றான்.

வேலியடைப்பவர் மகனைப் பற்றி மேலே கூறினோம். அவன் பெரும் பொறியியலாளன் ஆனான் என்று எழுத எமக்கு ஆசையே. ஆயின் அவ்வாறு நிகழவில்லை. சாதாரண தரத்திற் கணிதத்தில் அவன் பெற்றது சாதாரண சித்தியே. அச்சித்தி அவனுக்குத் தொழிற்பயிற்சிக் கல்லூரியொன்றின் வாயிலைத் திறந்தது. இன்று அவன் கட்டட வேலைகளை ஒப்பந்தமாக ஏற்றுச் செய்பவன். கல், சீமெந்து, கூலி எல்லாவற்றையுந் தானே கணக்கிடுகின்றான். "கணக்கு வராத பிள்ளை" என்று ஏட்டில் எழுதப்படவிருந்த ஒருவன் அவ்வாறு எழுதப்படாது தப்பினான். பரீட்சைப் பெறுபேறுகளை அச்சிடும் பக்கங்களில் இத்தகைய பெயர்கள் பெரிய எழுத்திற் காணப்படுவதில்லை. ஆயினும் ஒரு கல்லூரி ஊருக்குச் செய்யும் தொண்டில் இவையும் எண்ணப்படல் வேண்டும்.

யூபிலிக் காலம் கல்லூரிக்கு என்ன செய்யலாம் என எல்லாரும் எண்ணுங் காலம். பழைய மாணவர்க்கு எம் விண்ணப்பம் ஒன்று. கட்டடமுங் கணினியுந் தருகின்றீர்கள், நன்று. அவற்றோடு கனிட்ட வகுப்புகளுக்கு நால்வர் சுற்றியிருக்கத்தக்க மேசைகளையும் அளியுங்கள். வகுப்பொன்றில் 40 பிள்ளைகளுக்கு மேல் அடைபடாதிருக்க வழி தேடுங்கள். ஊருக்கு வரும்போது ஒரு பாடவேளை ஏழாந் தரத்தில் ஒரு குழுவின் பக்கத்தே அமர்ந்து, விடை சொல்லாமற் கேட்டுக்கொண்டிருங்கள். இளம் ஆசிரியர்க்கு யாம் சொல்வது, நல்ல கணக்கைத் தெரிந்து கொடுங்கள், பின்னர்ச் சற்றுப் பொறுமையாயிருங்கள் என்பதே. நம் தொழிலிற் பேசுதலினும் பேசாதிருத்தல் அரிது. மாணாக்கராகிய தம்பிமார்க்கும் ஒன்று சொல்வோம். உமக்கு விடை முதலில் வந்துவிட்டால் கையை உயர்த்துமுன் பக்கத்திலிருப்பவன் முகத்தை நோக்குங்கள். உமக்கு விடை வரவில்லையாயின் வாய்திறந்து கேளுங்கள். உமது வினாவால் மற்றை மூவரும் பயன் பெறுவர்.

நம் கல்லூரித் தாய் இன்னும் பல விழாக் காண்க. அவள் வகுப்பறைகளிற் கணக்கின் பொருட்டு எழும் சத்தம் நாளும் மிகுக. அவள் மடியில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கைப்பிடித்துக் கரையேறுக என எல்லாம் வல்ல இறைவனை வேண்டி அமைகின்றோம்.